சுற்றுவதற்கு முன் கொளுத்திப் பாருங்கள்: மெரினோ என்று விற்ற அக்ரிலிக்

ஐப்பசியில் ஊசியில் ஏற்றிய சால்வை இப்போது பெரியம்மா வீட்டு மிக்சியைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. மூன்று மாதப் பின்னல், ஏறக்குறைய 1,100 மீட்டர் நூல். மிக்சிக்கு இனிக் குளிராது.

சமூக ஊடகப் பக்கங்களில் உல்லன் நூல் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. நான் பணம் அனுப்பிய பிறகு அந்தப் பக்கம் இரண்டு முறை பெயர் மாறிவிட்டது. மூன்றாவது பெயரை நான் எழுதினால் நாளை நான்காவது வரும். அவர்கள் செய்த விதம் மட்டும் மாறாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் இருப்பது குன்னூரில். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கடையில் விற்கும் காலுறைகளின் எலாஸ்டிக் அவர் கெண்டைக்காலில் தடம் பதித்துவிடும். அதனால் நான்கைந்து வருடங்களாக அவருக்கு நான்தான் பின்னுகிறேன்: 2.25 மி.மீ. ஊசி, 64 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்), மேல்பட்டை தளர்வாக. பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி என்றால் 100 கிராம் நூல், அதாவது 400 மீட்டர் போதும்; கொஞ்சம் மிஞ்சும். சால்வை பெரியம்மாவுக்கு. எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இப்போது விரல் மூட்டுகள் வீங்கிவிட்டதால் அவரால் பின்ன முடிவதில்லை.

ஆனி மாதம் முதன்முறை வாங்கினேன். சாயம் கையால் ஏற்றியது என்று சொன்னார்கள். 75 சதவீதம் மெரினோ (மெரினோ செம்மறியாட்டின் மென்மையான கம்பளி), 25 சதவீதம் நைலான், சிட்டம், அதாவது வளையமாகக் கட்டிய நூல்கட்டு, ஒன்று 1,150 ரூபாய். இரண்டு சிட்டம் வந்தது. பிரித்ததும் லேசாக வினிகர் வாடை. கம்பளிக்கு அமிலச் சாயம் ஏற்றும்போது வினிகர் சேர்ப்பார்கள். அந்த வாடை நல்ல அடையாளம். நனைத்தால் ஆட்டு வாடை வந்தது. ஒரு துண்டைக் கொளுத்தினேன், தலைமுடி கருகும் நாற்றம். எடை 101 கிராம், 100 கிராம். இதில் பின்னிய ஜோடியை அப்பா கழற்றவே மறுத்தார். துவைக்கக்கூடக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இந்த முதல் பார்சல்தான் தூண்டில். அதில் குறையே இல்லை, அதுதான் குறை.

புரட்டாசியில் பண்டிகைச் சலுகை என்று ஒரு செய்தி. அதே நூல், சிட்டம் 950 ரூபாய், ஆறு எடுத்தால் மட்டும். சால்வைக்குக் குங்குமச் சிவப்பில் மூன்று சிட்டம், காலுறைக்குச் சாம்பல், கருநீலம், பாசிப்பச்சை ஒவ்வொன்று. கூரியருடன் 5,820 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, “பார்சலுக்குள் இருக்கும் மேடம்” என்றார்கள். இல்லை. அதே பக்கத்தில் காஷ்மீர் பஷ்மினா சால்வை 900 ரூபாய்க்கு விற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் அடிமயிர் அது. ஓர் ஆட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு 900 ரூபாய்க்கு எப்படி வரும் என்று யோசித்திருக்க வேண்டும். பஷ்மினாவை வாங்கப் போகிறவள் நானில்லையே என்று விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டேன்.

பார்சல் வந்த அன்றிரவே மகளை உட்காரவைத்து, அவள் இரண்டு கைகளிலும் சிட்டத்தை மாட்டி, ஆறையும் உருண்டையாகச் சுற்றி முடித்தேன். என் தவறு முழுக்க அந்த ஓர் இரவில் நடந்தது. எடை போடவில்லை, கொளுத்தவில்லை. போன தடவை சோதித்தாயிற்றே!

தடயங்கள் இருந்தன. வினிகருக்குப் பதில் துணி மென்மையாக்கும் திரவத்தின் பூ வாசம். மாதிரித் துண்டு பின்னி நனைத்தபோது ஆட்டு வாடை துளியும் இல்லை. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். கையால் சாயம் ஏற்றிய சிவப்பு முதல் நனைப்பில் பெரும்பாலும் கொஞ்சமாவது தண்ணீரைச் சிவக்க வைக்கும். தண்ணீர் தெளிவாக இருந்தது. நல்ல சாயம் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். ஏமாற நினைப்பவளுக்குச் சாட்சியமெல்லாம் சாதகமாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

சாம்பல் நிறக் காலுறையை முதலில் முடித்தேன். ஒரு வாரத்தில் அப்பா, “இது கசகசவென்று இருக்கிறதம்மா, பழையதையே கொடு” என்றார். ஷூவைக் காற்றாட வைப்பதில்லை என்று அவரைத்தான் கடிந்துகொண்டேன். குதிகால் தொளதொளவென்று இழுபட்டு, இரவு கழற்றிய பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஒருநாள் பார்த்தால் விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. சர்க்கரை நோயாளியின் காலில் அது விளையாட்டில்லை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. செயற்கை இழையான அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் இல்லை. வியர்வை தோலிலேயே நிற்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நூலைச் சந்தேகிக்கவில்லை, ஷூவைச் சந்தேகித்தேன்.

சால்வை முக்கோண வடிவம், கழுத்தின் நடுவில் தொடங்கி விரிந்துகொண்டே போவது. கடைசி வரிசைகளில் 400 கண்ணிக்கு மேல் வந்துவிட்டது. ஒரு வரிசை முடிக்க அரை மணி நேரம். மூன்றாவது உருண்டையைச் சேர்த்த இடத்தில் கோடு போட்டதுபோல நிறம் மாறியது. ஒரே லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியது என்று சொல்லித்தான் விற்றார்கள். பிரிக்க மனம் வராமல், ஓரத்தில்தானே என்று தொடர்ந்தேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன் பின்னி முடித்தேன். துளை வேலைப்பாடு உள்ள எந்தச் சால்வையும் ஊசியிலிருந்து இறங்கும்போது கசங்கிய வடிகட்டித் துணிபோல்தான் இருக்கும். நனைத்து, இழுத்து, மெத்தையில் எழுபது எண்பது குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் இலைகளும் துளைகளும் கண் திறக்கும். கம்பளி காய்ந்த பிறகு அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்றிரவு எங்கள் கட்டிலில் சால்வை தூங்கியது, நாங்கள் கூடத்தில் படுத்தோம். காலையில் குண்டூசிகளை எடுத்தேன். ஒரு பக்கம் எடுத்துவிட்டு மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் மெல்லச் சுருங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குள் மறுபடி வடிகட்டித் துணி.

அதை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். அவர் வாங்கிக் கழுத்தோரம் வைத்துக்கொண்டார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “கண்ணு, இது ஆட்டில் முளைத்தது இல்லை” என்றார். பூஜை அறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவரச் சொல்லி, மிச்ச நூலில் ஒரு விரல் நீளம் கிள்ளிக் கொளுத்தினார். கரும்புகையோடு பற்றியது, உருகியது, கறுப்பு மணியாகக் கெட்டித்தது. நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. முடி கருகும் நாற்றத்துக்கு இருவரும் மூக்கை நீட்டிக் காத்திருந்தோம், வரவே இல்லை. எங்கள் நீலகிரி மாவட்டத்தின் சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணையே இருக்கிறது. நீலகிரி ஆட்டை மெரினோவோடு கலந்து சாண்டினோ என்று ஓர் இனத்தை உருவாக்கிய இடம். அந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அக்ரிலிக்கை மெரினோ என்று நம்பி மூன்று மாதம் பின்னியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்தேன். சால்வையும் மிச்சமும் சேர்த்து 258 கிராம். 300 இருக்க வேண்டும். சாம்பல் ஜோடியும் அதன் மிச்சமும் 87. இன்னும் பின்னாத இரண்டு உருண்டைகள் 86, 86. மொத்தம் 600க்கு 517 கிராம். அக்ரிலிக் கம்பளியைவிட அடர்த்தி குறைந்தது. அதே தடிமனில் அதே நீளம் சுற்றினாலும் எடை குறைவாகவே வரும். முதல் நாளே தராசில் வைத்திருந்தால் தராசு சொல்லியிருக்கும்.

விற்றவர்களிடம் கேட்டேன். முதல் பதில்: “மலைப்பகுதியில் கம்பளி அப்படித்தான் மேடம்.” இரண்டாவது: ஈரம் காய்ந்ததால் எடை குறைந்திருக்கும். குன்னூரில், ஐப்பசி கார்த்திகை மழை கண்ட வீட்டில், உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் ஊரில்! இங்கே கம்பளி எடை கூடுமே தவிரக் குறையாது. மூன்றாவது பதிலில்தான் சாமர்த்தியம் முழுவதும் இருந்தது: “சுற்றிய நூலைத் திரும்பப் பெறுவதில்லை. சிட்டமாகவே அனுப்புங்கள். பார்சல் பிரித்த வீடியோவும் வேண்டும்.” சிட்டத்தைச் சுற்றாமல் பின்ன முடியாது, பின்னாமல் குறை தெரியாது, தெரியும்போது அது சிட்டமாக இருக்காது. இதை நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கொளுத்திய துண்டின் படத்தை அனுப்பியதும் என்னைத் தடைசெய்துவிட்டார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அவர்கள் விற்றவரிடம் பேசிப் பார்ப்பார்கள். பணத்தைக் கொடு என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள். சிக்கல் முகவரியில் இருக்கிறது. பார்சலில் எழுதியிருந்தது ஒரு கூரியர் அலுவலகத்தின் முகவரி. யுபிஐ ரசீதில் மட்டும் வங்கிக் கணக்குக்காரரின் பெயர் இருக்கிறது, பக்கத்தின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். அந்த ரசீதை அழித்துவிடாதீர்கள்.

இனி நூல் வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். பார்சலைப் பிரிப்பதிலிருந்து தராசில் வைப்பது வரை மகள் வீடியோ எடுப்பாள். சிட்டத்தைக் கட்டியிருக்கும் முடிச்சு நூலை விட்டுவிட்டு உள்ளிருந்து ஒரு சாண் வெட்டுவேன். ஒவ்வொரு சிட்டத்திலும், ஒரே நிறமாக இருந்தாலும். பாதியைக் கொளுத்துவேன். நைலான் கலந்த நூல் கொஞ்சம் உருகத்தான் செய்யும், அதற்காகப் பயப்பட வேண்டாம். முடி கருகும் நாற்றம் ஓங்கியிருக்க வேண்டும். மீதிப் பாதி ஒரு கண்ணாடி டம்ளரில் திரவ ப்ளீச்சில் இரவு முழுவதும் கிடக்கும். சோடியம் ஹைப்போகுளோரைட் கம்பளியைக் கரைத்துவிடும், நைலான் மெல்லிய நூலாக மிஞ்சும். அக்ரிலிக் போட்டது போட்டபடி கிடக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த டம்ளர் பக்கம் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள், நச்சுவாயு வரும். உள்ளங்கையில் ஈரத்தோடு தேய்த்து ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்கும் பழைய வழி இங்கே உதவாது. துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய மெரினோவும் ஒட்டாது, அக்ரிலிக்கும் ஒட்டாது.

கருநீலமும் பாசிப்பச்சையும் உருண்டைகளாகவே அலமாரியில் இருக்கின்றன, வழக்குக்குச் சாட்சியாக. சால்வையையும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரியம்மாவிடம் திருப்பிக் கேட்டேன். தர மறுத்துவிட்டார். “நீ என் கழுத்துக்கு என்று பின்னியது. இப்போதைக்கு மிக்சி போட்டிருக்கட்டும், வழக்கு வரும்போது வந்து வாங்கிக்கொள்” என்கிறார். அப்பா ஆனி மாதத்து ஜோடியையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். வலது குதிகால் நைந்துவிட்டது. அந்த நல்ல சிட்டத்தில் மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு கிராமில் நேற்று அதைத் தைத்துக் கொடுத்தேன்.