நாஸ் பெட்டி: ஆறு மாதத்துக்குப் பிறகு

அப்பாவின் கசெட்டுகளையெல்லாம் ஃபிளாக் (தரம் குறையாத ஒலி) கோப்புகளாக்கி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் டக் டக் என்றது. பயந்துபோய் எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு இறக்கிவிட்டு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் ஏறி இறங்கி, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று வாங்கினேன்.

வெள்ளவத்தை வீட்டு வைஃபையில் 300 ஜிபி பாட்டை ஏற்றப் பார்த்தால், விடியும்வரை பாதிகூடப் போகவில்லை. லான் வயர் போட்டும் நொடிக்கு 11 எம்பிதான். பெட்டியில் பிழையில்லை, என் பழைய ரவுட்டரின் போர்ட்டுகள் 100 மெகாபிட் வகை; எட்டு மெகாபிட் ஒரு எம்பி என்பதால் அதற்கு மேல் போகாது. பத்து மடங்கு வேகமான கிகாபிட் சுவிட்ச் ஒன்றைச் செருகியதும் 100 எம்பியைத் தாண்டியது; ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது.

"ரெய்ட் 1 போட்டால் பேக்கப் எதுக்கு மச்சான்?" என்றான் நண்பன். ரெய்ட் 1 என்றால் ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. அதை பேக்கப் என்று நம்பாதீர்கள். தவறுதலாக ஒரு ஆல்பத்தை அழித்தேன். இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே போய்விட்டது. நல்லவேளை, மடிக்கணினியில் இன்னும் இருந்தது. இப்போது மாதமொருமுறை யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, தெஹிவளையில் தங்கச்சி வீட்டில் வைக்கிறேன்.

மற்றபடி நல்ல பெட்டி. விசிறிச் சத்தம்தான் இரவில் எரிச்சல். அதனால் சாமியறைக்கு மாற்றினேன். அம்மாவுக்கு இன்னும் கோபம்.