இரைச்சலை நிறுத்துகிறேன் என்று எர்த்தைக் கழற்றிய கடை

ஹட்டனில் வீட்டுப் பின்னறையில் சின்னதாக ஒரு ரெக்கோர்டிங் அறை வைத்திருக்கிறேன். கோயில் பஜனை, தேவாலயப் பாட்டு, தோட்டத்துப் பிள்ளைகளின் கலைவிழாவுக்கு ட்ராக் என்று அவ்வப்போது வேலை வரும். இரண்டு கீபோர்ட், ஒரு மிக்சர், ஒரு லெப்டொப், அவ்வளவுதான். பொங்கலுக்குப் பிறகு ஒரு கீபோர்டை யூஎஸ்பி வயரால் லெப்டொப்பில் கொடுத்தேன். அன்றிலிருந்து, வாசிக்காவிட்டாலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். சுருதி பிடித்துப் பார்த்தேன்: கீழ்க்கட்டை ஜி-யை விடக் கொஞ்சம் தூக்கல். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் அல்லவா, அதுதான் பாடுகிறது.

கீபோர்டைப் போர்வையில் சுற்றி, கினிகத்தேனை வளைவுகளில் எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், “பவர் போர்ட் போயிருச்சு தம்பி” என்றார். 18,000 ரூபா. எதோடு எதை இணைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய போர்ட்டைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். பில்லில் ‘சர்வீஸ்’ என்று ஒரே சொல்.

வீட்டில் மாட்டினேன், அதே ம்ம்ம். போனில் சொன்னதும் “உங்க ஊரு கரண்ட் சரியில்ல” என்று 14,500 ரூபாவுக்கு ஒரு ஸ்டெபிலைசரைத் தலையில் கட்டினார். அதையும் வாங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது தடவை கடைப் பையனை அனுப்பினார். அவன் மிக்சர் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றி டேப் சுற்றினான். லெப்டொப் சார்ஜருக்கும் எர்த் இல்லாத ஒரு அடாப்டரை மாட்டினான். இரைச்சல் நின்றுவிட்டது! தேநீர் கொடுத்து, 2,500 ரூபாவும் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. அக்கா மகள் வெறுங்காலோடு வந்து மிக்சரைத் தொட்டவள், “மாமா, சுள்ளுங்குது” என்று கையை உதறினாள். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. இந்தச் சாதனங்களின் பவர் பகுதியிலிருந்து உலோக உடம்புக்குக் கொஞ்சம் கரண்ட் கசிவது வழக்கம். அதை எர்த் வயர் கொண்டுபோய்விடும். அது இல்லையென்றால் நம் உடம்பு வழியாகப் போகும். உள்ளே லைவ் வயரே உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கீபோர்டில் கோளாறே இல்லை. லெப்டொப் அறைச் சுவரில், மிக்சர் எக்ஸ்டென்ஷன் போட்டு சமையலறை பிளக்கில். இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம், யூஎஸ்பி வயர், கீபோர்ட், ஓடியோ வயர் என்று சுற்றி வந்திருக்கிறது. கிரவுண்ட் லூப் என்பது இதுதான்.

முதல் வேலையாக எர்த்தைத் திரும்பக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டதும் முக்கால்வாசி போய்விட்டது. யூஎஸ்பியை எடுத்துவிட்டு, பழைய ஐந்து பின் மிடி வயரை (சத்தத்தை அல்ல, எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற தகவலைக் கொண்டுபோகும் வயர்) ஒரு மிடி இன்டர்ஃபேஸ் வழியாக லெப்டொப்பில் கொடுத்தேன். மிடியை வாங்கும் பக்கத்தில் சிக்னல் ஒளியாகத்தான் தாண்டும்; கம்பித் தொடர்பு இல்லாததால் அந்த வழியில் லூப்பும் இல்லை. மீதி இரைச்சலை, ஓடியோ வயருக்கு நடுவில் மாட்டும் டிஐ பொக்ஸ் என்ற சின்னப் பெட்டி, உள்ளே ட்ரான்ஸ்ஃபோமர் இருப்பது, பார்த்துக்கொண்டது. அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஓடியோ வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது.

கடைக்குத் தூக்கிப் போகுமுன், மற்ற வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு கீபோர்டில் ஹெட்போனை மட்டும் மாட்டிக் கேளுங்கள். சத்தமில்லையா? கீபோர்ட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. திரும்ப எல்லாவற்றையும் இணைத்து, லெப்டொப் சார்ஜரைப் பிடுங்கி பற்றரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் லூப்தான். இரண்டு நிமிட வேலை, நான் 35,000 ரூபா கொடுத்த பிறகுதான் செய்து பார்த்தேன்.

காசைத் திருப்பிக் கேட்டேன். “சத்தம் போயிருச்சுல்ல தம்பி, அப்புறம் என்ன?” என்றார். ஸ்டெபிலைசர் இப்போது அம்மாவின் ஃப்ரிட்ஜுக்கு ஓடுகிறது.