மஷினாரியமா, டென்டக்கிளா, ரஸ்டி லேக்கா?

பாயிண்ட் அண்ட் கிளிக் புதிர் விளையாட்டுகளுக்குக் கைவேகம் தேவையில்லை. கண்ணில் படும் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, அது எங்கே, எதற்கு உதவும் என்று யோசிப்பதுதான் ஆட்டமே. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை மூன்று: மஷினாரியம், டே ஆஃப் தி டென்டக்கிள், ரஸ்டி லேக் வரிசை. மூன்றும் மூன்று விதமான விசித்திர உலகங்கள். படம், இசை எல்லாம் அப்புறம். புதிர் நியாயமாக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விடை தெரிந்ததும் "அட, இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டுமே" என்று இருந்தால் அது நல்ல புதிர்.

அந்த வகையில் டென்டக்கிளை மிஞ்ச ஆளில்லை. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் இருவரும் சேர்ந்து இயக்கியது. ஒரே வீடு, மூன்று காலங்கள். பெர்னார்ட் இன்றைய காலத்தில் இருக்கிறான், ஹோகி 200 ஆண்டுகள் பழைய காலத்தில், லாவெர்ன் 200 ஆண்டுகள் கழித்து வரும் எதிர்காலத்தில். மூவரும் கழிப்பறை வடிவக் கால இயந்திரம் வழியாகப் பொருட்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். ஹோகிக்கு வினிகர் வேண்டும். அவன் காலத்தில் இருப்பதோ ஒயின். அதை, பிற்காலத்தவர் திறப்பதற்காக மண்ணில் புதைக்கப்போகும் காலப்பெட்டகத்தில் போட்டுவிட்டால், 400 ஆண்டுகள் கழித்து லாவெர்ன் திறக்கும்போது அது புளித்து வினிகராகியிருக்கும். அவள் அதைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒயின் நாள்பட்டால் புளிக்கும் என்று தெரிந்த யாருக்கும் இது பிடிபடும்.

ஆனால் எல்லாப் புதிரும் இப்படி இல்லை. லாவெர்ன் எதிர்காலத்தில் ஒரு மரத்தில் சிக்கித் தொங்குகிறாள். அந்த மரத்தைப் பழைய காலத்திலேயே ஜார்ஜ் வாஷிங்டன் கையால் வெட்ட வைக்க வேண்டும். அவரோ செர்ரி மரத்தைத்தான் வெட்டுவார். அதனால் அங்கே காய்த்திருக்கும் கும்குவாட் பழங்களுக்குச் சிவப்புச் சாயம் பூச வேண்டும். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய கதை அமெரிக்கக் குழந்தைகளுக்கு மனப்பாடம். நம் ஊரில் அதைக் கேள்விப்படாதவருக்கு இந்த இடம் சுவர் போல நிற்கும். வசனமும் முழுக்க ஆங்கிலம், நகைச்சுவையில் பாதி அந்த வசனத்தில்தான். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இதை முதல் விளையாட்டாகச் சொல்ல எனக்கு மனம் வராது. விளையாடுவதென்றால் 2016-இல் வந்த மறுபதிப்பை எடுங்கள். படங்கள் தெளிவாக இருக்கும், விருப்பப்பட்டால் பழைய தோற்றத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

மஷினாரியத்தில் இந்த மொழிச் சிக்கலே கிடையாது. செக் நாட்டின் அமானிட்டா டிசைன் குழு 2009-இல் வெளியிட்டது. கதையில் ஒரு வரி வசனம்கூட இல்லை. பாத்திரங்கள் நினைப்பதெல்லாம் தலைக்கு மேல் குமிழிக்குள் சிறு படங்களாக ஓடும். நாயகன் ஜோசஃப் ஒரு தகர ரோபோ. உடலை நீட்டவும் குறுக்கவும் அவனால் முடியும். குப்பைமேட்டில் உதிரி உதிரியாகக் கிடப்பவனை முதலில் ஒட்டவைக்க வேண்டும், அங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது. அப்புறம் நகர வாசல். காவலர்கள் நீலத் தொப்பியும் அதன் மேல் விளக்குமாக இருக்கிறார்கள். சாலையில் வைக்கும் கூம்பு ஒன்றை நீலச் சாயத்தில் முக்கி, உச்சியில் ஒரு பல்பைச் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் ஜோசஃபும் காவலன்தான். விடைக்கு வேண்டிய எல்லாமே திரையில் இருக்கிறது. எந்த நாட்டு வரலாறும் படித்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

குறிப்பு தரும் முறையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பல்பை அழுத்தினால் அந்த இடத்தில் செய்ய வேண்டியதன் சின்னத் துப்பு கிடைக்கும். முழு விடை வேண்டுமென்றால் பூட்டிய புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதற்குச் சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே ஒரு சாவியை மறுமுனைக்குக் கொண்டுபோகும் குட்டி ஆட்டத்தை முடிக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பயந்தே இன்னும் கொஞ்சம் நேரம் நாமாக யோசிப்போம். குறை என்றால், ஜோசஃபின் கைக்கு எட்டும் பொருளைத்தான் அழுத்த முடியும் என்பதால் சும்மா நடத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மதுக்கடையில் ஐந்து காய்களை வரிசையாக அடுக்கும் ஆட்டத்தில் இன்னொரு ரோபோவை ஜெயிப்பது போன்ற சில இடங்கள் கதையோடு ஒட்டவும் இல்லை.

ரஸ்டி லேக் நெதர்லாந்துக்காரர்களுடையது. 2015-இல் தொடங்கிய வரிசை. இதன் க்யூப் எஸ்கேப் விளையாட்டுகள் செல்பேசியில் இலவசம், ஒவ்வொன்றும் சிறியது. புதிர்களுக்குக் கனவின் தர்க்கம். ஏன் அப்படி என்று பல இடங்களில் விளக்கமே இருக்காது. ஆனாலும் பெரும்பாலும் ஒரு அறை, நாலு சுவர், அவ்வளவுதான் என்பதால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தே கரை சேர்ந்துவிடலாம். குழந்தைகள் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். ரத்தம் உண்டு. ரஸ்டி லேக் ஹோட்டல் என்ற பாகத்தில் விருந்தாளிகளையே ஒவ்வொருவராகக் கொன்று இரவு உணவாகப் பரிமாறுகிறார்கள்.

என் தேர்வு: முதலில் மஷினாரியம். அது பிடித்து, ஆங்கில வசனமும் தடையில்லை என்றால் அடுத்து டென்டக்கிள். அந்த மரத்தடியில் மாட்டிக்கொண்டால் இணையத்தில் விடையைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஒயின் புதிருக்கு மட்டும் பார்க்காதீர்கள்.