வட்சிமா, பைலட்எட்ஜா? கிளிநொச்சியிலிருந்து ஒரு ஹெலிகொப்டர் ஒப்பீடு

வட்சிம், பைலட்எட்ஜ் இரண்டும், கணினியில் விமானம், ஹெலிகொப்டர் ஓட்டிப் பழகுபவர்களை இணையத்தில் இணைத்து, நிஜ மனிதக் கட்டுப்பாட்டாளர்களுடன் வானொலியில் பேச வைக்கும் வலையமைப்புகள். 2001இல் தொடங்கிய வட்சிம் இலவசம், உலகம் முழுவதும் பறக்கலாம். வவுனியாவில் கிளம்பி, ஏ9 வீதியைப் பிடித்து, இரணைமடுக் குளத்தைத் தாண்டி, ஆனையிறவு வழியாகப் பலாலிக்குப் போகலாம். சொந்த ஊரை மேலிருந்து பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனால் வான் போக்குவரத்தை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்கள் தொண்டர்கள். நம் வானில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். 122.800 என்ற பொது வானொலி அலைவரிசையில் நாமே நம் நிலையை அறிவித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

பைலட்எட்ஜுக்கு மாதக் கட்டணம், அதுவும் டொலரில். பரப்பும் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் மட்டும். ஆனால் தினமும் 15 மணித்தியாலம் கட்டுப்பாட்டாளர் இருப்பது உறுதி. அங்கே அவர்கள் தொடங்கும் காலை 8 மணி என்றால் அவர்களின் கோடையில் நமக்கு இரவு 8.30. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு உட்காரச் சரியான நேரம். லொஸ் ஏஞ்சலிஸில் நெடுஞ்சாலைகளை ஒட்டி ஹெலிகொப்டர்களுக்கென்றே பாதைகள் உண்டு. பெரிய ஜெட்களுக்கு நடுவே, சொன்ன பாதையில், சொன்ன உயரத்தில் போக வேண்டும். வானொலிப் பேச்சு பழக இதுதான் நல்லது என்பேன். ஒரு மாதம் கட்டிப் பழகிவிட்டு வட்சிமுக்கு வாருங்கள்.

அப்புறம், எதில் பறந்தாலும் பேசும் பொத்தானை ஜாய்ஸ்டிக்கிலேயே வையுங்கள். அந்தரத்தில் நிற்கும்போது கீபோர்டுக்குக் கை போனால் ஹெலிகொப்டர் சரிந்துவிடும்.