எட்டு ஜோன் ரீஃப்ளோ ஓவன்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கோவையில் எல்.இ.டி. டிரைவரும் பம்ப் ஸ்டார்ட்டருக்கான கன்ட்ரோல் போர்டும் செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. போர்டில் சால்டர் பேஸ்ட் தடவிப் பாகங்களை வைத்தபின், அந்தப் பேஸ்ட்டை உருக்கிப் பாகங்களை ஒட்டவைக்கிற அடுப்புதான் ரீஃப்ளோ ஓவன். முதல் மூன்று வருடம் டிராயர் மாதிரி இழுத்துப் போர்டை வைக்கும் ஒரு மேசை ஓவனில்தான் எல்லாம் ஓடியது. வாங்கிய அன்று சூடேற்றியதும் ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், திறந்தால் உள்ளே இன்சுலேஷனை ஒட்டியிருந்தது சாதாரண மாஸ்கிங் டேப்! அதைப் பிய்த்துச் சூடு தாங்கும் காப்டான் டேப் ஒட்டி, நடுவில் வைத்த போர்டு நன்றாகவும் ஓரத்தில் வைத்தது சரியாக ஒட்டாத டிரை சால்டராகவும் வருவதைச் சகித்துக்கொண்டு காலம் தள்ளினோம். ஆர்டர் கூடியதும் அது தாங்கவில்லை.

அப்புறம்தான் பெல்ட்டில் போர்டு ஊர்ந்து போகும் கன்வேயர் ஓவன் தேட ஆரம்பித்தது. யாரிடம் கேட்டாலும் முதல் கேள்வி, எத்தனை ஜோன், அதாவது தனித்தனியாகச் சூடு வைக்கும் பகுதி, வேண்டும்? நானும் ரொம்ப நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஜோன் எண்ணிக்கையைவிடச் சூடாகும் பகுதியின் மொத்த நீளம்தான் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது. போர்டு உள்ளே சுமார் நாலு நிமிடம் இருக்க வேண்டும் என்றால், 2.6 மீட்டர் நீளத்தில் நிமிடத்துக்கு 65 சென்டிமீட்டர் ஓட்டலாம், 1.8 மீட்டரில் 45 தான். எங்கள் பேனல் (பல போர்டு சேர்ந்த ஒரே தகடு) இடைவெளியோடு 30 சென்டிமீட்டர் வரும். முதலாவதில் 28 நொடிக்கு ஒரு பேனல், இரண்டாவதில் 40 நொடிக்கு ஒன்று. முன்னால் நின்று போர்டில் பாகங்களை வைக்கிற பிக் அண்டு பிளேஸ் மெஷின் எவ்வளவு வேகம் என்று பார்த்து, அதற்கு ஈடுகொடுக்கும் நீளத்தை வாங்கினால் போதும். ஜோன் கூடினால் வெப்ப ஏற்றத்தை நுணுக்கமாக வளைக்கலாம், அது உண்மை. ஆனால் நாலு நீளமான ஜோனைப் பாதியாக வெட்டி எட்டு என்று போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

டெமோ பார்க்கப் போகிறீர்களா, உங்கள் போர்டை எடுத்துப் போங்கள். இதை மட்டும் விடாதீர்கள். ஒரு டீலர் காலி ஓவனை ஓட்டி, திரையில் எல்லா ஜோனும் ஒரு டிகிரிகூடப் பிசகாமல் நிற்பதைக் காட்டினார். திரையில் தெரிவது உள்ளே சுற்றும் காற்றின் வெப்பம், போர்டின் வெப்பம் அல்ல. நாங்கள் எங்களிடம் உள்ளதிலேயே கனமான போர்டில், காப்பர் அதிகமுள்ள இடத்தில் ஒன்று, ஓரத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று கே டைப் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) ஒட்டிக்கொண்டு போனோம். ஈயமில்லாத எஸ்ஏசி 305 சால்டர் பேஸ்ட் 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். உச்சம் 235க்கு மேல், 250க்குள் நிற்க வேண்டும். 217க்கு மேலே ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம். ஒரு மெஷினில் மூன்று புள்ளிக்கும் நடுவே 12 டிகிரி வித்தியாசம். கனமான இடத்தை 235க்குக் கொண்டுவந்தால் ஓரம் 247. இன்னும் கனமான போர்டு வந்தால் பாகம் வெந்துவிடும். இன்னொன்றில் அதே போர்டு, அதே தெர்மோகப்பிள், வித்தியாசம் 5 டிகிரிதான். இரண்டுக்கும் கேட்லாக் ஏறக்குறைய ஒன்றேதான்! ஜோன் எண்ணிக்கையில் இல்லை விஷயம், பிளோயர் காற்றை எவ்வளவு சமமாக அடிக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டாவதைத்தான் வாங்கினோம்.

அடுத்து, ஐந்து பேனலைத் தொடர்ச்சியாக விட்டுப் பார்க்கவும் சொன்னோம். ஒற்றைப் போர்டு போகும்போது எல்லா ஓவனும் நல்ல பிள்ளைதான். வரிசையாகக் குளிர்ந்த போர்டு நுழையும்போதுதான் வெப்பம் இறங்குகிறதா என்று தெரியும். வெப்பத்தை அதிகம் இழுக்கும் அலுமினியம் போர்டு ஓட்டுகிற எல்.இ.டி. ஆட்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

கரண்ட் விஷயம். ஓடும்போது 9 கிலோவாட் என்று கொட்டேஷனில் இருந்தது, அதை நம்பி மின்வாரியத்தின் சாங்ஷன் லோடு கணக்குப் போட்டால் தீர்ந்தது கதை. எல்லா ஜோனும் ஒரே நேரத்தில் சூடேறும்போது 30 கிலோவாட், அதாவது 415 வோல்ட்டில் ஃபேசுக்கு 40 ஆம்பியருக்கு மேல். ஜோன்களைக் குழுவாக ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் செய்யும் வசதி உண்டா என்று கேளுங்கள். காலையில் சூடேற அரை மணி நேரம் ஆகும், அதனால் என்ன, டீ குடிக்கலாம். அப்புறம் சீனாவிலிருந்து வருவதில் பல 380 வோல்ட்டுக்குச் செய்தவை. அந்த ஹீட்டரை 415இல் நேரடியாகப் போட்டால் பவர் 19 சதவீதம் கூடும், ஆயுள் குறையும். நம் ஊர் வோல்ட்டேஜுக்கு ஹீட்டர் மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கினோம்.

விலையை இங்கே எழுதவில்லை, டாலரையும் அளவையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கொட்டேஷனில் வராதவைதான் கையைக் கடிக்கும். எக்ஸாஸ்ட் குழாய் கூரை வரை, கேபிள், பிரேக்கர், இறக்குவதற்கு கிரேன். போர்டின் வெப்பம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்து ப்ரொஃபைல் எடுக்கும் கருவி தனி. அது இல்லாமல் ஓவன் வாங்குவது தராசு இல்லாமல் மளிகைக்கடை வைப்பது மாதிரி. 18 சதவீத ஜிஎஸ்டி கிரெடிட்டில் திரும்ப வரும், ஆனால் கட்டும் மாதம் கைப்பணம் இருக்க வேண்டும்.

இனி குறைகள். ஏழாம் மாதம் ஒரு பிளோயர் மோட்டார் சத்தம் போட ஆரம்பித்தது, சர்வீஸ் ஆள் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பழைய மேசை ஓவனில் ராத்திரி வரை வேலை. விற்கும்போது தினமும் போன் செய்த டீலர் அப்போது எடுக்கவே இல்லை. அதற்கப்புறம் ஒரு மோட்டாரும், ஹீட்டரை ஆன் ஆஃப் செய்யும் சாலிட் ஸ்டேட் ரிலே இரண்டும் ஸ்டோரில் வைத்துவிட்டோம். அந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும், ஹீட்டர் நிற்காமல் எரியும். எங்களுக்கும் நடந்தது, ஓவர் டெம்பரேச்சர் கட்ஆஃப் காப்பாற்றியது.

உள்ளேயே யுபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனால் கன்வேயர் ஓடிப் போர்டை வெளியே தள்ளும் என்றார்கள். ஒரு வருடத்தில் பேட்டரி செத்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. கரண்ட் போன மத்தியானம் ஏழு பேனல் உள்ளேயே நின்று பழுப்பாகிவிட்டது. தவறு பாதி எங்களுடையது. இப்போது மாதம் ஒரு முறை மெயினை அணைத்துச் சோதிக்கிறோம். கூலிங் பக்கம் பேஸ்ட்டிலிருந்து ஆவியாகும் ஃப்ளக்ஸ் பிசுபிசுப்பாகப் படிவதையும் அதே நாளில் துடைத்துவிடுகிறோம்.

ஹெல்லர், ரெம், பிடியூ மாதிரிப் பெரிய ஓவன் கம்பெனிகள் நல்லவைதான், காரோ மருத்துவமோ சார்ந்த போர்டு செய்பவர்கள் அங்கேதான் போக வேண்டியிருக்கும். எங்களுக்கு எட்டாத விலை. உள்ளே காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வேண்டுமா என்றும் கேட்டார்கள். எங்கள் பாகங்களின் அளவுக்கு அது வீண் செலவு. கொதிக்கும் திரவத்தின் ஆவியில் சால்டரை உருக்கும் வேப்பர் ஃபேஸ் ஓவன் மட்டும் கொஞ்சம் ஆசை காட்டியது, திரவம் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் போர்டு போகவே போகாது. ஆனால் அந்தத் திரவத்தின் விலையைக் கேட்டதும் கிளம்பி வந்துவிட்டோம்.

மெஷ் பெல்ட்டோடு, போர்டை ஓரத்தில் மட்டும் தாங்கிப் போகும் செயினும் உள்ள மாடலாக எடுத்தது நல்லதாகப் போனது, இரண்டு பக்கமும் பாகம் உள்ள போர்டு இந்த வருடம்தான் வந்தது. மொத்தத்தில் மெஷினுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், சர்வீசுக்கு ஒன்றரை. மேசை ஓவனை விற்கவில்லை. சாம்பிள் போர்டு ஒன்றிரண்டு வரும்போது பெரியதை அரை மணி நேரம் சூடேற்ற மனசு வராது, அப்போது அதுதான்.