மூன்று மாதத்தில் சிபிஏபி சான்றிதழ் என்றார்கள். 68,000 ரூபாய் போயிற்று

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கும் நான், பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு மாறும் ஆசையில் கோவையிலுள்ள ஒரு பயிற்சி மையத்தில் 68,000 ரூபாய் கட்டி ஏமாந்ததை, நேற்று இரவு வந்த கடைசிப் பதிலின் ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

ஜனவரியில் விசாரிக்கப் போனபோது அங்கிருந்த ஆலோசகர், "பையர் அனுப்புற டெக் பேக்கைப் படிச்சு, டையிங்காரருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் புரியற மாதிரி எழுதித் தர்றீங்கல்லங்ணா, அதேதானுங்க இந்த வேலையும்" என்றார் (டெக் பேக் என்பது ஆடையின் அளவு, துணி, தையல் விவரக் குறிப்பு). அது பொய்யல்ல, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து மென்பொருள் எழுதுபவருக்கு ஐயமின்றி எழுதித் தருவது அந்த வேலையில் பெரும்பகுதி. என் வேலையை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டாரே என்று மகிழ்ந்த அந்த நொடியில்தான் விழுந்தேன். மூன்றே மாதத்தில், பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சிபிஏபி (CBAP) சான்றிதழ் கிடைத்துவிடும் என்றதை நம்பி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணத்தை, மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து ஒரே தவணையில் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் வந்த ரசீதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல் ஒரே ஒரு வகுப்பு, மீதியெல்லாம் பதிவு செய்த வீடியோக்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்க, சான்றிதழ் வழங்கும் ஐஐபிஏ அமைப்பின் தளத்தைத் திறந்தபோதுதான், கடந்த 10 ஆண்டுகளில் 7,500 மணி நேரம் பிசினஸ் அனலிசிஸ் பணி செய்தவரே சிபிஏபி எழுத முடியும் என்பது தெரிந்தது. அதற்கு ஒரு படி கீழான சிசிபிஏ சான்றிதழுக்கே 7 ஆண்டுகளில் 3,750 மணி நேரம் வேண்டும். பணி அனுபவம் கேட்காத தொடக்கநிலை இசிபிஏ என்று ஒன்று இருப்பதை அவர்கள் வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

கேட்டதற்கு முதலில், "மணிக்கணக்குக்கு நாங்களே லெட்டர் தர்றமுங்க" என்றார்கள். பொய்க் கடிதம் வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். பிறகு மேனேஜர் சேலத்துக்குப் போயிருந்தார், இரண்டு வாரம் கழித்தும் சேலத்திலேயே இருந்தார். நேற்று வந்த பதில்: ரசீதில் 'புத்தகக் கட்டணம்' என்று இருப்பதால் திருப்பித் தர இயலாது. 68,000 ரூபாய்க்கு அவர்கள் தந்த புத்தகம் ஒரு பிடிஎஃப்.

இந்தத் துறைக்கு எப்படித் தயாராவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. சான்றிதழுக்கான தகுதியை அதை வழங்கும் அமைப்பின் தளத்தில் படித்த பிறகு பயிற்சி மையத்தின் படியேறுங்கள். முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளைக் காலை அழைக்கிறேன். சங்கிலிக்கு வட்டி 10ஆம் தேதி கட்டியாக வேண்டும்.