மொரீசியஸில் மொட்டைமாடி வீட்டை வரைய ஸ்வீட் ஹோம் 3டி: நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டின் வரைபடம் போடும் மென்பொருளான ஸ்வீட் ஹோம் 3டி பற்றி விசாரித்தால் முதலில் சொல்லப்படும் குறை, அதில் சாய்கூரை போட நேரடி வசதி இல்லை என்பது. ஓட்டுவீடு கட்டும் ஊரில் அது பெரிய குறைதான். மொரீசியஸில் அப்படியல்ல. 1960இல் அலிக்ஸ், கேரல் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்த பிறகு மரமும் தகரமும் மெல்ல ஒதுங்கின. கான்கிரீட் ப்ளாக் சுவரும் தட்டையான தளமும் வழக்கமாயின. ரோஸ் ஹில் பக்கம் ஒரு தெருவில் நடந்தாலே தெரியும்: பிள்ளைகளுக்காகப் பின்னால் மாடி எழுப்பலாம் என்று தூண்கம்பியை மேலே நீட்டி விட்டிருப்பார்கள். சுவர், தளம், மறுபடியும் சுவர், தளம். இந்த வடிவத்துக்கு இதைவிடச் சிக்கலான மென்பொருள் தேவையே இல்லை.

காசு கிடையாது, திறந்தமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

வரையத் தொடங்குமுன் அமைப்புகளைத் திறந்து மூன்று அளவுகளை மாற்ற வேண்டும். புதிய சுவரின் தடிமன் 7.5 செ.மீ. என்று இருக்கும். நம்முடைய 15 செ.மீ. ப்ளாக்கில் இருபுறமும் ஒன்றரை செ.மீ. பூச்சு சேர்த்தால் 18 ஆகிறது, அதைப் போடுங்கள். சுவர் உயரம் 285, தளத்தின் தடிமன் 15 என்று வைத்தால் ஒரு மாடிக்குச் சரியாக 3 மீட்டர் வரும்.

அடுத்தது, நில அளவையாளர் தந்த படத்தையோ பழைய வீட்டுப் படத்தையோ பின்னணியாக வைப்பது. பிடிஎஃப் ஏற்காது, ஜேபெக் அல்லது பிஎன்ஜி ஆக்கிக் கொடுக்க வேண்டும். திரையில் வரும் நீலக் கோட்டை, அளவு தெரிந்த ஒரு நீளத்தின் மேல் வைத்து அந்த அளவை எழுதச் சொல்லும். பலர் கைக்கு எட்டிய ஒரு கதவையோ சின்ன அறையையோ பிடிக்கிறார்கள். 3 மீட்டர் கோட்டில் 5 செ.மீ. பிசகினால், 12 மீட்டர் சுவரில் அது 20 செ.மீ. ஆகிவிடும். படத்தில் உள்ள மிக நீளமான எல்லைக் கோட்டைத்தான் பிடிக்க வேண்டும். பத்திரத்தில் பரப்பு துவாஸ் கணக்கில் இருந்தால் ஒரு துவாஸ் ஏறக்குறைய 3.8 சதுர மீட்டர். 100 துவாஸ் மனை 380 சதுர மீட்டர். வரைந்த மனையின் பரப்பு இதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

சுவர் வரையும்போது மௌஸை நம்ப வேண்டாம். என்டர் விசையைத் தட்டினால் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகவே கொடுக்கலாம். ஆனால் அந்த நீளம் சுவரின் நடுக்கோட்டு நீளம். உள்ளே 3 மீட்டர் அறை வேண்டுமென்றால் 3.18 கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள் வாங்கிய அலமாரி சுவருக்குள் அடங்காமல் திண்டாடுவார்கள். அறைக் கருவியை எடுத்து நான்கு சுவருக்குள் இருமுறை சொடுக்கினால் தரை தானே அமைந்து பரப்பும் தெரியும். தரை வராவிட்டால் எங்கோ ஒரு மூலை ஒட்டவில்லை என்று பொருள்.

மாடி சேர்க்கும்போது, மேல் நிலையிலும் (லெவல்) அறை வரைந்தால்தான் தளம் வரும்; இல்லாவிட்டால் சுவர்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். மொட்டைமாடிக்கும் இதே வழிதான். இன்னொரு நிலை சேர்த்து, வெளிச்சுவரைவிட எல்லாப் பக்கமும் 60 செ.மீ. பெரிதாக ஓர் அறை வரைந்தால் அதுவே நீட்டிய தளமாகிவிடும். அதன் ஓரத்தில் 90 செ.மீ. உயரச் சுவர் வைத்தால் கைப்பிடிச் சுவர் முடிந்தது.

வெளிப்படிக்கட்டுதான் இதன் பலவீனமான இடம். மென்பொருளின் பொருள் பட்டியலில் உள்ள படிக்கட்டை இழுத்து நீட்டினால் படிகளின் எண்ணிக்கை மாறாது. ஒவ்வொரு படியும் தாறுமாறாக உயர்ந்துவிடும். 3 மீட்டர் ஏற 17.6 செ.மீ. உயரத்தில் 17 ஏற்றம் வேண்டும். கடைசி ஏற்றம் தளத்தில் முடிவதால் மிதிபலகை 16. ஒவ்வொன்றும் 28 செ.மீ. என்றால் நீளம் 4.48 மீட்டர். பட்டியலில் உள்ள பெட்டிகளை 17.6, 35.2, 52.8 என்று உயர்த்தி வரிசையாக வைத்து ஒரே குழுவாக்கிக்கொள்வது மேல். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் படிக்கட்டு வாசல்பக்கம் எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பது கட்டுமுன்பே தெரிந்துவிடும்.

வெயிலைப் பார்க்க, திசைகாட்டியில் தென் அட்சரேகை 20.2 என்று உள்ளதா என்று சரிபார்த்து, வடதிசையை மனைக்குத் தக்கபடி திருப்புங்கள். புகைப்படம் எடுக்கும் நான்கு தரங்களில் மேல் இரண்டில் மட்டுமே நாளும் நேரமும் கணக்கில் வரும். இங்கே ஜூன் மாத நண்பகல் வெயில் வடக்கிலிருந்து 46 பாகை உயரத்தில் வரும். டிசம்பரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். அதனால் கோடையில் வாட்டுவது கிழக்கு, மேற்கு ஜன்னல்களே. 60 செ.மீ. நீட்டிய தளம் மாலை வெயிலைத் தடுக்காது என்பதைப் படத்திலேயே காணலாம்.

மற்ற மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. சரிவான மனை என்றால் ஸ்வீட் ஹோம் 3டி சரிப்படாது, அதில் தரை தட்டைதான். அதற்கு ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு நல்லது. அது உலாவியில்தான் ஓடும், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, வரைவாளர்கள் பயன்படுத்தும் டிடபிள்யூஜி கோப்பாக வெளியே எடுக்கவும் முடியாது. அதில் எழுப்பிய ஒவ்வொன்றையும் உடனே குழுவாக்காவிட்டால் சுவரும் தரையும் ஒட்டிக்கொள்ளும். வரைவாளரிடம் டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஃப்ரீகேட் என்ற மென்பொருள். 2024இல் வந்த 1.0 பதிப்பில் கட்டட வரைவுக்கான பகுதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் பொறுமையாகக் கற்க வேண்டும். இவை எதுவும் கம்பிக் கணக்கோ அடித்தளக் கணக்கோ சொல்லாது, அதற்கு எஞ்சினியர்தான்.

மேஸ்திரிக்கு அச்சிட்டுத் தரும்போது பக்க அமைப்பில் 1/100 என்று வைத்து, படத்தில் 10 மீட்டருக்கு ஓர் அளவுக்கோடும் போடுங்கள். தாளில் அது சரியாக 10 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அச்சுப்பொறி படத்தைத் தாளுக்கு ஏற்பச் சுருக்கியிருக்கிறது. அந்த அமைப்பை நீக்கி மறுபடி அச்சிட்ட பிறகே கொடுங்கள்.